ட்ரவுட்டா, மஹ்சீரா? முதலில் உங்கள் லீவு எந்த மாதம் என்று சொல்லுங்கள்

இமயமலை ஆறுகளில் தூண்டில் போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மீனின் பெயரில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். ஒருவருக்கு ட்ரவுட், இன்னொருவருக்கு மஹ்சீர். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: லீவு எப்போது? அங்கே தேதி குறிப்பது தண்ணீர். பனி உருகி வரும் ஆறு ஒரு கணக்கில் ஓடும். மழையையும் ஊற்றையும் நம்பிய ஆறு வேறு கணக்கில் ஓடும். இது தெரியாமல் மே மாதப் பள்ளி விடுமுறையில் போய், சாம்பல் நிறத்தில் இரைந்து ஓடும் ஆற்றைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு.

வழிகாட்டியோடு போகக்கூடிய மூன்று இடங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இமாசலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கு, காஷ்மீரின் ட்ரவுட் ஓடைகள், உத்தராகண்டில் சரயு ஆறு காளி ஆற்றோடு கலக்கும் பஞ்சேஷ்வர். முதல் இரண்டும் குளிர்நீர். மூன்றாவது, நம் ஊர்க்காரர் கூசாமல் இறங்கி நிற்கக்கூடிய தண்ணீர்.

தீர்த்தன்

போய்ச் சேர எளிது. டில்லியிலிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஏறி, ஔட் என்ற இடத்தில் இறங்கி, பஞ்சார் வழியாகக் குஷைனி. இங்கே இருப்பது பிரௌன் ட்ரவுட். சொந்த ஊர் ஐரோப்பா. 1909-ல் குலு பள்ளத்தாக்கின் கட்ராயினில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. பியாஸ் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் இந்த மீன் பரவிய கதை அங்கே தொடங்குகிறது.

நல்ல வழிகாட்டியை முதல் பத்து நிமிடத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். வந்ததும் தூண்டிலைத் தொட மாட்டார். ஓடையில் கைவிட்டு ஒரு கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிப் புழுக்களைப் பார்ப்பார். அன்று மீன் எதைத் தின்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதே அளவில், அதே நிறத்தில் இறகும் நூலும் சுற்றிய ஒரு பொய்ப்பூச்சியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டுவார். பெரிய பாறைக்குப் பின்னால் நீரோட்டம் தணியும் இடத்துக்குச் சற்று மேலே அது விழ வேண்டும். ட்ரவுட் கடிப்பது ஒரு சின்னத் தட்டல்தான். கவனிக்காவிட்டால் வந்ததே தெரியாது.

பருவக் கணக்கு இது. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய இனப்பெருக்கத்துக்காகத் தடை. மார்ச்சிலும் ஏப்ரலின் முதல் பாதியிலும் தண்ணீர் தெளிவாக, கடுங்குளிராக இருக்கும். அதற்கு மேல் பனி உருகல், அப்புறம் ஜூலை, ஆகஸ்டில் பருவமழை. செப்டம்பர் பின்பாதியில் தெளிந்து, அக்டோபர் முழுக்க அருமை. மே மாதம்தான் கிடைக்கும் என்றால் பிரதான ஆற்றை விட்டுவிட்டுப் பக்கத்து ஓடைகளுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

காஷ்மீர்

ட்ரவுட்டுக்கு இந்தியாவில் பழைய வீடு இதுதான். 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகளில் தொடங்கியது. பிரௌன், ரெயின்போ இரண்டும் உண்டு. ஓடைகளை 'பீட்' என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு இத்தனை தூண்டில்தான் என்று மீன்வளத் துறை அனுமதி கொடுக்கிறது. பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்று கல்லெறியும் தொல்லை இல்லை.

ஆனால் காஷ்மீரின் உண்மையான பலம் மழைக்காலத்தில் தெரியும். பீர் பஞ்சால் மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. இமாசலத்தில் சாலையே அடித்துக்கொண்டு போகும் ஜூலை, ஆகஸ்டில் இங்கே ஓடைகள் தெளிந்து நிற்கும். கோக்கர்நாக் பக்கத்து ஊற்று ஓடைகளோ பனி உருகும் மாதங்களில்கூட அதிகம் கலங்குவதில்லை. பருவம் பொதுவாக ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை.

குறை என்ன? நிலைமை. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. ட்ரவுட்டுக்குப் பேர்போன லித்தர் ஆறு ஓடுவது அந்தப் பஹல்காம் வழியாகத்தான். விமான டிக்கெட் எடுக்கும் முன் அந்த வாரத்துச் செய்தியைப் பார்ப்பது நல்லது.

பஞ்சேஷ்வர்

என் ஓட்டு இதற்குத்தான், பயணம் பாடுபடுத்தும் என்றாலும். லோஹாகாட்டிலிருந்து மலைப்பாதையில் இறங்கிக்கொண்டே வந்தால், குளிர் போய் வேர்க்க ஆரம்பிக்கும்போது ஆறு தெரியும். எதிர்க்கரை நேபாளம். எல்லைப் பகுதி என்பதால் அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும்.

காளி பனியாற்று நீர். கோடையில் சாம்பல் பூத்து, சில்லென்று வரும். சரயு மழையையும் ஊற்றையும் நம்பியது. அப்போதும் தெளிவாக, வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் உடனே கலந்துவிடாமல், நடுவில் ஒரு கோடு போட்டது போலச் சற்றுத் தூரம் ஓடும். அந்தக் கோட்டை ஒட்டித் தெளிந்த பக்கத்தில்தான் மஹ்சீர் நிற்கும். வழிகாட்டி உங்களை நிறுத்துவதும் அங்கேதான். பனிநீர் ஏற ஏற, மீன் சரயுவுக்குள் ஒதுங்கும்.

தங்க மஹ்சீர் நம் கெண்டையின் உறவுதான். வாயில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. நண்டையும் நத்தையையும் அங்கே வைத்து நொறுக்கும். மட்டமான தூண்டில் முள்ளை விழுங்கினால் அதையும் நசுக்கித் துப்பும். முள்ளிலும் அதை மாட்டும் வளையங்களிலும் காசைப் பார்க்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான். கடித்ததும் நீரோட்டத்தோடு கீழ்நோக்கி ஓடும். ரீலிலிருந்து தூண்டில் நரம்பு கத்திக்கொண்டே போகும். அப்போது சுழற்றி இழுக்க நினைத்தால் அறுந்தது. கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கரையோரமாகக் கூடவே ஓட வேண்டும், வழுக்கும் உருண்டைக் கற்களின் மேல்.

அழியும் அபாயத்தில் உள்ள இனம், அதனால் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவதுதான் முறை. முனையில் எதிர்ப்பல் இல்லாத முள், நனைத்த கை, மீன் தண்ணீருக்குள்ளேயே. தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருந்து, அது தானாக உதறும்போது விட வேண்டும். தூக்கி வைத்துப் போட்டோ என்று அடம் பிடிக்கும் விருந்தாளியை அதட்டும் வழிகாட்டிதான் எனக்குப் பிடிக்கும்.

பிப்ரவரி நடுவிலிருந்து மே வரை ஒரு பருவம். மழை வடிந்து தண்ணீர் தெளியும் செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரை இன்னொன்று. குளிர்காலத்தில் மந்தம். நல்ல பருவத்திலும் ஒரு கடிகூட இல்லாமல் நாள் முழுக்கப் போகலாம். பொறுமை இல்லாதவர்களை இங்கே அழைத்து வராதீர்கள். 1996-ல் இந்தியாவும் நேபாளமும் செய்த மகாகாளி ஒப்பந்தத்தில் இருக்கும் அணை எழுந்தால் இந்தச் சங்கமமே நீருக்கடியில் போகும். தள்ளிப்போடாமல் போய்விடுங்கள் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் ஊரிலேயே கிடையாதா?

காவிரிக் கரையில் கர்நாடகத்தின் கலிபோரே, பீமேஸ்வரி முகாம்களில் ஒரு காலத்தில் உலகமே வந்து கேழ்வரகு உருண்டையை இரையாகப் போட்டது. சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்த திமில் மஹ்சீர் 2018-ல் மிக அருகிவிட்ட இனமாகப் பட்டியலிடப்பட்டது. நீலகிரியில் அவலாஞ்சியில் ஆங்கிலேயர் விட்ட ரெயின்போ ட்ரவுட் உண்டு. ஆனால் வனத்துறைக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே, வழிகாட்டியோடு போய்த் தங்கிப் பிடிக்கும் பயணமாக அதை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சரி, யாருக்கு எது?

குடும்பத்தோடு, முதல் தடவை, அக்டோபர் பூஜை விடுமுறை என்றால் தீர்த்தன். சின்ன மீனாவது மாட்டும். மாட்டாவிட்டாலும் வீட்டில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளாத ஊர். ஜூலை, ஆகஸ்ட் மட்டும்தான் கிடைக்கும் என்றால் காஷ்மீர், வேறு வழியில்லை. மார்ச், ஏப்ரல் அல்லது நவம்பரில் ஓரளவு கை பழகியவர் நண்பரோடு போவதானால் பஞ்சேஷ்வர். மே மாத லீவுக்கும் அதுவே, முற்பாதியில் போய்விடுங்கள்.

முன்பணம் அனுப்பும் முன் வழிகாட்டியிடம் மூன்று கேள்விகள்: ஆற்றின் எந்தப் பகுதிக்கு உரிமம், அதைக் கொடுத்தது எந்தத் துறை, தண்ணீர் கலங்கினால் மாற்று இடம் எது? மூன்றாவது கேள்விக்குப் பதில் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். கோலும் ரீலும் அவர்களே தருவார்கள். வழுக்காத அடிப்பாகமுள்ள செருப்பு மட்டும் இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே உங்கள் அளவில் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.