குரல் பதிவா, காணொளியா: தோட்டத்து முதியவர்களுக்கு எது உதவுகிறது?

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, கிளினிக்குப் போகப் பயந்த பலர் டாக்டரைக் கைப்பேசியில் தேடினார்கள். அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள ஒரு முதியவருக்கு இன்று மூன்று வழிகள் உண்டு: புலனம் (வாட்ஸ்அப்), காணொளி அழைப்பு, மைசெஜாத்ரா என்ற அரசுச் செயலியில் முன்பதிவு.

என் தேர்வு புலனம்தான், அதிலும் குரல் பதிவு. மலாயில் எழுத வராத பாட்டி, தமிழ் தெரிந்த டாக்டரிடம் தன் வாயாலேயே வலியைச் சொல்ல முடிகிறது. ஆனால் டாக்டருக்கு அதுவே பாரம். எழுத்தை ஒரு பார்வையில் படித்துவிடலாம். குரல் பதிவை முழுவதும் கேட்க வேண்டும். "கால் மரத்துப் போகிறது" என்ற முக்கியமான வரி, பேரன் கல்யாணப் பேச்செல்லாம் முடிந்த பிறகு வரும். நள்ளிரவிலும் வரும். நோயாளியின் கோப்பில் அது தானாக ஏறுவதுமில்லை.

இரண்டு பேருக்கும் ஒத்துவருவது இது: சர்க்கரை அளக்கும் கருவியின் திரையைப் படம் எடுத்து அனுப்பி, கூடவே ஒரே ஒரு சிறு குரல் பதிவு. எண்ணை வாயால் சொன்னால் குழப்பம் வருகிறது. தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளில் 126 என்று சொல்வது நம் ஊர்க் கருவியில் 7.0. அளவை முறை வேறு என்பது தெரியாமல், 9 வந்தாலும் "குறைவுதானே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. இந்த நிம்மதிதான் எனக்குப் பயம். படம் இருந்தால் டாக்டர் உடனே பிடித்துவிடுவார்.

காணொளி அழைப்பில் முகம் தெரிகிறது. பரிசோதனை முடிவை விளக்கவும் மனச்சோர்வைப் பேசவும் நல்லது. கால் புண்ணுக்கு உதவாது. புண்ணின் ஆழமும் வாடையும் திரையில் தெரியாது; பாதத்தின் உணர்ச்சியைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். மேலும், கைப்பேசியைப் பிடித்திருப்பவர் மகனோ மருமகளோ. அவர்கள் எதிரில் சிறுநீர்த் தொல்லையை எந்த அம்மா சொல்வார்?

மைசெஜாத்ராவில் அரசு கிளினிக்கில் நாள், நேரம் பதியலாம். காத்திருப்பு குறையும், அவ்வளவுதான்; அது உரையாடல் ஆகாது.

நெஞ்சு வலியோ, சர்க்கரை இறங்கி மயக்கமோ வந்தால் இவை எதுவும் வேண்டாம். நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள்.