அந்தப் பச்சைக் கேற் படத்தைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

இரண்டு கிழமையாக ஒரு படம் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பச்சைக் கேற், அதற்குக் குறுக்கே மூன்று அலுமினியப் பலகைகள், வெளியே தேத்தண்ணீர் நிறத்தில் வெள்ளம், உள்ளே காய்ந்த சீமெந்து முற்றம். கீழே சிவப்பு எழுத்தில் ‘டித்வாவையே தடுத்தோம்’ என்று ஒரு வரி, ஒரு போன் நம்பர். டித்வா, 2025 நவம்பரில் இலங்கையை அடித்த புயல்.

அது எங்கள் வீட்டுக் கேற். படத்தை எடுத்தது நான். அந்தத் தடுப்பைப் போட்டுத் தந்தவனுக்கு அனுப்பியதும் நான்தான். “தம்பி, ஒரு சொட்டும் உள்ளுக்கு வரல்ல, பெரிய உதவி” என்று எழுதி, கும்பிடும் கை இரண்டு போட்டு அனுப்பினேன். அனுப்பி மூன்று மணித்தியாலத்தில் வீட்டுக்குள் என் முழங்காலுக்கு மேல் தண்ணீர்.

ஆளின் பெயரையும் கம்பனியின் பெயரையும் எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது முடியும்வரை வேண்டாம் என்று என் கணவர் சொல்கிறார். பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, அடுத்த மழைக்கு வேறு பெயரில் வருவான். என்ன செய்தான் என்பதுதான் தெரிய வேண்டியது.

நாங்கள் இருப்பது கொழும்பை ஒட்டிய வெல்லம்பிட்டியில். வெள்ளம் எங்களுக்குப் புதிதில்லை. 2016 மே மாதம் ஹோலுக்குள் இடுப்பளவு நின்றது. 2024 ஜூனில் வாசற்படி வரை வந்து திரும்பியது, அதே வருடம் ஒக்டோபரில் படியைத் தாண்டியது. நாகலகம் வீதியில் களனி கங்கையின் மட்டம் ஏறுகிறது என்று செய்தி வந்தவுடன் பிரிட்ஜ், அம்மாவின் தையல் மெஷின், அரிசி, உறுதிப் பத்திரம் எல்லாம் மாடிக்குப் போகும். மேலே இருப்பது ஒரே அறை. அதற்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, அம்மாவைக் கொண்டுபோய் வெள்ளவத்தையில் சித்தப்பா வீட்டில் விடுவோம். தண்ணீர் வரும், வடியும், ஒரு கிழமை கழுவுவோம். அந்தக் கழுவலில் அலுத்துப்போய்த்தான் 2025 ஜனவரியில் அவனைக் கூப்பிட்டோம்.

வந்தவன் நன்றாகக் கதைத்தான். லேசர் கருவி வைத்து மட்டம் பார்த்தான், டெப் திரையில் எங்கள் வீட்டையே கீறிக் காட்டினான். ஹோல் சுவரில் 2016 வெள்ளத்தின் கறைக்கோடு இன்னும் இருக்கிறது. அதை விரலால் தடவி, “அக்கா, இந்தக் கோட்ட இனி நீங்க பாக்கவே மாட்டீங்க” என்றான். நாங்கள் காசு கொடுத்தது அந்த ஒரு வசனத்துக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. கொட்டேஷன் 4 லட்சத்து 85 ஆயிரம் ரூபா. சுவருக்கு ஜெர்மன் ‘நானோ’ பூச்சு 1,65,000. கேற்றுக்கும் இரண்டு கதவுக்கும் பலகைத் தடுப்பு 1,90,000. கழிவுக் குழாய்க்கு, தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வராமல் மறிக்கும் நொன் ரிட்டர்ன் வால்வு இரண்டு 76,000. தண்ணீர் இறைக்கும் பம்ப் 54,000. அட்வான்ஸாக மூன்று லட்சம் வாங்கினான்.

மார்ச் மாதம் ஐந்து நாளில் வேலை முடிந்தது. மிச்சக் காசைக் கொடுக்குமுன் பலகையைப் போட்டு ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பார்ப்போமா என்று இவர் கேட்டார். “அண்ணன், வெள்ளம் வந்தா தெரியும்தானே” என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம். வெள்ளம் வந்தது, தெரிந்தது.

நவம்பர் 29, சனிக்கிழமை. மழை குறைந்துவிட்டது. களனிக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும், கொழும்பில் மழை விட்டால் ஆபத்து விட்டது என்று அர்த்தமில்லை. கித்துல்கல பக்கம் பெய்தது ஹங்வெல்லயைத் தாண்டி எங்களிடம் வந்து சேர நேரம் எடுக்கும். தாழ்நிலத்தில் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்ற அறிவித்தலும் வந்தது. பக்கத்து வீட்டு மாமி ஓட்டோவில் சாமான் ஏற்றும்போது, “நீங்க போகல்லயா?” என்று கேட்டார். எங்களுக்குப் பலகை இருக்கிறது என்று நான் சொன்னேன். சொன்ன தொனியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிரிட்ஜை மேலே ஏற்றவில்லை. தையல் மெஷினை ஏற்றவில்லை. மகளின் சாதாரண தரப் புத்தகங்கள் ஹோல் மேசைக்குக் கீழேயே கிடந்தன. அம்மாவையும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பவில்லை. அவன் எடுத்துக்கொண்ட 4 லட்சத்து 85 ஆயிரத்தை விட, அவனை நம்பி ஏற்றாமல் விட்ட சாமான்தான் எங்களுக்குப் பெரிய நட்டம். கணக்குப் பார்த்தோம், ஆறு லட்சத்துக்குக் குறையாது. 2016இல் எந்தப் பலகையும் இல்லாமல் இதில் கால்வாசியைக்கூட இழக்கவில்லை.

கேற்றடியில் தண்ணீர் முதல் பலகையின் பாதிக்கு வந்தது. உள்ளே முற்றம் காய்ந்திருந்தது. அப்போது எடுத்ததுதான் அந்தப் படம். நானும் இவரும் விறாந்தையில் நின்று, கல்யாண வீட்டு அலங்காரம் பார்ப்பதுபோல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார்: “பிள்ளை, பாத்ரூமுக்குள்ள ஏதோ கொதிக்கிற மாதிரிச் சத்தம் கேக்குது.”

கொமட்டுக்குள் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்புக்கு ஏறி, கறுப்பாக, வெளியே வழிந்தது. பிறகு குளிக்கும் இடத்து வடிகால் ஓட்டை. பிறகு குசினி சிங்க். வெள்ளத் தண்ணீரை விட இது மோசம், என்ன தண்ணீர் என்று சொல்லத் தேவையில்லை. இவர் பம்பைப் போட ஓடினார். ஏரியா முழுக்க மின்சாரம் எப்போதோ துண்டித்தாயிற்று. அது உயிர்காக்கும் வேலை, அதில் பிழை சொல்ல முடியாது. வெள்ளத்தில் வேலை செய்யவேண்டிய பம்ப் வீட்டு மின்சாரத்தில் மட்டும் ஓடும் என்றால் அது எதற்கு என்று ஜனவரியிலேயே எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பதினொரு மணியளவில் கேற்றில் பலகையைப் பிடிக்கும் ஒரு பக்கத்துச் சட்டம் பூச்சோடு பிய்ந்து விழுந்தது. விடியும்போது முற்றத்தில் நாலடி, ஹோலில் இடுப்பளவு. நாங்கள் நாலு பேரும் மாடி அறையில் இருந்தோம். ஞாயிறு பத்து மணிபோல ரோட்டுப் பொடியன்கள் படகில் வந்து அம்மாவை ஜன்னல் வழியாக இறக்கினார்கள். அவருக்கு 72 வயது. படகில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, “மெஷின் போச்சா?” என்று மட்டும் கேட்டார்.

வடிந்த பிறகு சித்தப்பா பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற சிவில் எஞ்சினியர், கொட்டேஷனை ஏன் எனக்கு ஒரு தரம் காட்டவில்லை என்று முதலில் நன்றாக ஏசினார். பிறகு மேன்ஹோல் மூடியைத் தூக்கச் சொன்னார். மூடி புதிது, சுற்றிப் பூசிய சீமெந்தும் புதிது. உள்ளே பழைய குழாய் அப்படியே இருந்தது. வால்வு இல்லை. பின்பக்க மேன்ஹோலிலும் இல்லை. 76 ஆயிரம் ரூபாவுக்கு இரண்டு மூடி மாற்றியிருக்கிறான். நான் கணக்கு வேலை பார்ப்பவள். பில்லில் கூட்டல் சரியா என்று இரண்டு முறை பார்த்தேன், மூடியைத் தூக்கி ஒரு முறை பார்க்கவில்லை.

சுவர்ப் பூச்சு தோசை போல உரிந்து தொங்கியது. அதில் இரண்டு பிழை. ஒன்று, பூசிய பக்கம். தண்ணீர் வெளியிலிருந்துதான் சுவருக்குள் ஊறும். வெளிப்பக்கம் பூசியிருந்தால் தண்ணீரின் பாரமே பூச்சைச் சுவரோடு அமத்திப் பிடிக்கும். உள்பக்கம் பூசினால் பின்னாலிருந்து தள்ளி உரித்துவிடும். உள்ளே பூசுவதற்கென்றே வேறு சீமெந்துக் கலவைகள் இருக்கின்றனவாம், இது அதுவல்ல. வெளியே செய்வதென்றால் பழைய பெயின்டைச் சுரண்டி, அத்திவாரம் வரை தோண்ட வேண்டும். அந்த வேலைக்குக் கள்ளப்பட்டு உள்ளே அடித்திருக்கிறான். இரண்டாவது பிழையை வெள்ளமே காட்டிக்கொடுத்தது. அவன் விட்டுப்போன வெற்று வாளி ஒன்றில் அம்மா ரம்பை நட்டிருந்தார். தண்ணீரில் ஊறி ‘ஜெர்மன் நானோ’ ஸ்டிக்கர் கழன்றுபோய், அடியில் இருந்த அச்சு தெரிந்தது. கூரைத் தகரத்துக்கும் பீலிக்கும் அடிக்கும் சாதாரண உள்ளூர்ப் பெயின்ட்.

பலகைக்கு றப்பர் என்று வைத்தது ஜன்னல் ஏசிக்கு ஒட்டும் ஸ்பொஞ்ச் பட்டி. சட்டத்தின் ஆணிகள் கல்லுக்குள் போகவே இல்லை, பூச்சோடு நின்றுவிட்டன. இந்த இடத்தில் சித்தப்பா ஒரு கணக்குச் சொன்னார். ஒரு மீற்றர் அகலக் கதவில் ஓரடித் தண்ணீர் நின்றால் அது தள்ளுவது ஏறத்தாழ 46 கிலோ பாரத்துக்குச் சமன். மூன்றடி நின்றால் மூன்று மடங்கு என்று நினைப்போம். இல்லை, ஒன்பது மடங்கு, 400 கிலோவைத் தாண்டும். நாலடி என்றால் 740. அதை ஒன்றரை அங்குல ஆணி பூச்சில் நின்று தாங்குமா?

நான் அவனைத் திட்டிக்கொண்டிருக்க, சித்தப்பா சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அவன் ஒழுங்காச் செய்திருந்தா இந்தச் சுவரே போயிருக்கும்” என்றார். எங்கள் வெளிச்சுவர் நாலு அங்குல சீமெந்துக் கல், உள்ளே கம்பி இல்லை. வெளியே நாலடித் தண்ணீர், உள்ளே காய்ந்த வீடு என்று இருந்திருந்தால் அந்த 740 கிலோவை ஒவ்வொரு மீற்றர் சுவரும் தனியே தாங்கியிருக்க வேண்டும். தரையும் அப்படித்தான். நாலு அங்குலக் கொங்கிறீற் ஒரு சதுர மீற்றருக்கு 240 கிலோ அளவில்தான் பாரம். கீழே ஊறி நிற்கும் ஓரடித் தண்ணீர் மேலே தள்ளுவது 300 கிலோ. சாதாரணக் கல்வீட்டில் மூன்றடிக்கு மேல் தண்ணீரை வெளியே மறித்துவைப்பதே ஆபத்து, அந்த மட்டம் வந்தால் கதவைத் திறந்து விட்டுவிட வேண்டும் என்றார். இதை அவன் எங்களுக்குச் சொல்லவே இல்லை. தெரிந்து மறைத்தானா, தெரியாதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தெரியாமல் செய்பவன்தான் கூடுதல் பயம்.

அவனுக்குப் போன் எடுத்தபோது, முதல் இரண்டு நாள் “வாறேன் அக்கா”. மூன்றாம் நாள், பில்லின் பின்பக்கத்தைப் பாருங்கள் என்றான். பார்த்தோம். எறும்பு அளவு ஆங்கிலத்தில் இருந்தது: இயற்கை அனர்த்தத்தால் வரும் சேதத்துக்கு இந்த வாரண்டி பொருந்தாது. வெள்ளம் தடுக்கும் பலகைக்கு வெள்ளம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஐந்து வருட வாரண்டி! நாலாம் நாளிலிருந்து நம்பர் வேலை செய்யவில்லை. விளம்பரத்தில் இருப்பது வேறு நம்பர். எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீட்டுக்கு இவனே செய்திருக்கிறான். அந்த மேன்ஹோல்களையும் திறந்து பார்த்தாயிற்று. அங்கும் மூடி மட்டும் புதிது.

ஆட்களைக் கூப்பிடப் போகிறவர்களுக்கு: பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், ஒப்பந்தக்காரர்களைப் பதிவது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை. மண்ணுக்குள்ளும் மூடிக்குள்ளும் போகும் எதையும் மூடுமுன் நீங்களே பார்த்துப் படம் எடுங்கள். பூச்சு வாளியை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பலகையைப் போட்டுத் தண்ணீர் அடித்துப் பார்க்காமல் கடைசிக் காசைக் கொடுக்காதீர்கள், சிரித்தாலும் பரவாயில்லை. ஏமாந்தவர்கள் பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம், நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

வால்வு இப்போது உண்மையாகவே போட்டிருக்கிறோம், நானே குனிந்து பார்த்தேன். அதிலும் ஒன்று தெரிந்துகொண்டோம்: வெள்ளத்தில் வால்வு மூடியிருக்கும்போது மாடிக் கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் அது வெளியே போக வழியில்லாமல் கீழ்வீட்டுக்குள்தான் வரும். வால்வு இல்லாதவர்கள் கனமான பொலித்தீன் பையில் மண் கட்டி கொமட்டுக்குள்ளும் வடிகால் ஓட்டை மேலும் வைக்கலாம். முழுதாக நிற்காது, ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீரைக் கொஞ்சம் பிந்தவைக்கும். மற்றபடி நாங்கள் மறிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டோம். பிளக் எல்லாம் நாலரை அடிக்கு ஏறிவிட்டன, கீழ்வீட்டு வயருக்குத் தனி பிரேக்கர், குசினியில் பலகை அலுமாரிக்குப் பதில் சீமெந்துத் தட்டு. தண்ணீர் வரட்டும், கழுவிவிடலாம். சாமான் மாடிக்கு, அம்மா வெள்ளவத்தைக்கு.

ஹோல் சுவரில் புதுக் கோடு 2016 கோட்டுக்கு நாலு விரல் மேலே இருக்கிறது.

அந்தப் பச்சைக் கேற் படத்தைக் காட்டி யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால், அதே இரவு மாடிப் படியில் நின்று எடுத்த இன்னொரு படம் என்னிடம் இருக்கிறது. பிரிட்ஜ் மல்லாக்க மிதக்கிறது. கேளுங்கள், அனுப்புகிறேன்.