எல்சாட் தேர்வின் பேரலல் ரீசனிங்: நாள்பட்ட பழக்கத்தில் தெரிந்தது

கோலாலம்பூரில் எல்சாட் எழுதப் போகிறேன் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, "அது எதுக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. இங்கே வழக்கறிஞராக நினைப்பவர்கள் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படிப்பார்கள். இல்லாவிட்டால் இங்கிலாந்துச் சட்டப் பட்டம் வாங்கி, அப்புறம் சிஎல்பி என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வை எழுதுவார்கள். எல்சாட் அந்த வழியில் எங்கும் குறுக்கிடாது. அமெரிக்காவிலோ கனடாவிலோ சட்டம் படிக்க விண்ணப்பிப்பவர்களுக்குத்தான் அது வேண்டும். என் அக்கா டொரன்டோ பக்கம் இருப்பதால் எனக்கும் அந்த ஆசை வந்தது. செந்தூலில் வீடு, பகலில் காப்புறுதி நிறுவனத்தில் வேலை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு லாஹப் என்ற பயிற்சித் தளத்தில் பழைய தேர்வுத்தாள்கள். அந்தத் தாள்களில் என்னை அதிகம் படுத்திய பேரலல் ரீசனிங் கேள்விகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வாதங்களை அலசும் லாஜிக்கல் ரீசனிங் பகுதியில் 35 நிமிடத்தில் ஏறக்குறைய 25 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூடத் தேறாது. பேரலல் ரீசனிங் கேள்வியில் மேலே ஒரு வாதம் இருக்கும். கீழே உள்ள ஐந்து தெரிவுகளும் ஐந்து முழு வாதங்கள். மேலே உள்ளதைப் போலவே யோசிக்கும் வாதம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதாவது ஒரே கேள்வியில் ஆறு வாதங்களைப் படித்தாக வேண்டும். இந்த வகை ஒரு பகுதியில் ஒன்றிரண்டுதான் வரும், ஆனால் விழுங்கும் நேரம் அதிகம். 2024 ஆகஸ்டில் எல்சாட்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது மதிப்பெண்ணுக்குக் கணக்கில் வரும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங். ஆகவே முன்பு போல "ஒன்றுதானே, போகட்டும்" என்று கைகழுவ முடியாது.

என்னோடு சேர்ந்து படித்த பினாங்குத் தம்பி ஒருவன், பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் உட்கார்ந்து முதன்முதலாக இந்தக் கேள்வியைப் பார்த்தபோது, "என்னக்கா இது, மேல மீன் வளர்ப்பு, கீழ டென்னிஸ். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான். சம்பந்தம் இல்லை என்பதுதான் இந்தக் கேள்வியின் சூட்சுமமே. பொருள் ஒத்துப்போகும் தெரிவைப் பெரும்பாலும் வலையாகத்தான் விரித்திருப்பார்கள்.

வாதத்தைக் குறியீடாக மாற்று, இது இருந்தால் அது என்பதற்கு அம்புக்குறி போடு, பிறகு ஐந்து தெரிவுகளுக்கும் அதையே செய் என்றுதான் கடைகளில் கிடைக்கும் வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும். கொஞ்ச காலம் அப்படித்தான் செய்தேன். விடை சரியாக வரும், நேரம் போய்விடும். இப்போது நான் முதலில் பார்ப்பது முடிவு வாக்கியங்களை மட்டும். மேலே உள்ள வாதத்தின் முடிவு என்ன, கீழே ஒவ்வொன்றின் முடிவு என்ன, அவ்வளவுதான். காரணங்களைத் தொடுவதே இல்லை. வாதம் ஒத்திருக்க வேண்டுமானால் முடிவும் ஒத்திருக்க வேண்டுமே. அடித்துச் சொல்கிறதா, "அநேகமாக" என்று இழுக்கிறதா? எல்லாவற்றையும் பற்றியதா, சிலவற்றைப் பற்றியதா? நடப்பதைச் சொல்கிறதா, இப்படிச் செய்ய வேண்டும் என்று புத்தி சொல்கிறதா? இரண்டை ஒப்பிடுகிறதா? இந்தச் சல்லடையிலேயே பல சமயம் இரண்டு மூன்று தெரிவுகள் விழுந்துவிடும். லாஹப் திரையில் தெரிவை அடித்துவிடும் வசதி இருக்கிறது. விழுந்ததை உடனே அடித்துவிட்டால் கண் மறுபடி அங்கே போகாது.

நானே இட்டுக்கட்டிய ஒன்றைக் காட்டுகிறேன். மேலே உள்ள வாதம்: "இந்தத் தெருவில் உள்ள சைவ உணவகங்கள் எல்லாம் வாழை இலையில்தான் பரிமாறுகின்றன. தெருமுனைக் கடையில் தட்டில்தான் பரிமாறுகிறார்கள். ஆகவே தெருமுனைக் கடை சைவ உணவகம் அல்ல." தெரிவுகளில் மூன்றைப் பார்ப்போம். முதலாவது: "வாழை இலையில் பரிமாறும் கடைகளில் எல்லாம் மதியம் கூட்டம் இருக்கும். பக்கத்துக் கடையில் மதியம் கூட்டம். ஆகவே பக்கத்துக் கடை வாழை இலையில் பரிமாறுகிறது." இரண்டாவது: "இந்த நிறுவனத்தின் ஓட்டுநர்கள் எல்லோரும் நீலச் சட்டை போடுவார்கள். அவர் போட்டிருப்பது வெள்ளைச் சட்டை. ஆகவே அவர் இந்த நிறுவனத்தின் ஓட்டுநராக இல்லாமல் இருக்கலாம்." மூன்றாவது: "அவர் இந்த நூலகத்தின் ஊழியராக இருக்க முடியாது. ஏனென்றால் ஊழியர்கள் எல்லோரும் கழுத்தில் அட்டை மாட்டியிருப்பார்கள். அவர் கழுத்தில் அட்டை இல்லை."

அதே கடை, அதே இலை என்று முதலாவது கண்ணை இழுக்கும். ஆனால் அதன் முடிவு "ஆம்" என்கிறது, மேலே உள்ளது "அல்ல" என்கிறது. வாதமும் ஓட்டை. கூட்டம் வர வேறு காரணம் ஆயிரம் இருக்கும். இரண்டாவது கிட்டத்தட்ட அச்சு அசல்தான், கடைசியில் வரும் "இருக்கலாம்" மட்டும் கெடுத்துவிடுகிறது. மேலே உள்ள வாதம் அப்படித் தயங்கவில்லை. மூன்றாவதில் முடிவு முன்னால் வந்து காரணம் பின்னால் வருகிறது. பார்த்தால் வேறு மாதிரி தெரியும், விடை அதுதான். வாக்கியங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பது இங்கே பொருட்டே இல்லை. சொல்வது உலகத்தில் உண்மையா என்பதும் பொருட்டில்லை. எந்தச் சைவக் கடை எதில் பரிமாறுகிறது என்று யோசிக்க ஆரம்பித்தால் அரை நிமிடம் காலி.

ஒரு எச்சரிக்கை. "ஆம்", "அல்ல" என்பதை மட்டும் வைத்துத் தெரிவுகளை வெட்டித் தள்ளக் கூடாது. "கடை திறந்திருக்காது" என்பதும் "கடை மூடியிருக்கும்" என்பதும் ஒன்றுதானே. ஒன்றில் எதிர்மறை இருக்கிறது, மற்றதில் இல்லை. அதனால் இந்தச் சல்லடையைச் சந்தேகத்தோடுதான் பயன்படுத்துகிறேன். உறுதியையும் அளவையும் வைத்து வெட்டுவது அநேகமாகக் கைவிடாது. எதிர்மறையை வைத்து வெட்டுவதாக இருந்தால் இன்னொரு முறை பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

முடிவுகளை மட்டும் பார்க்கும் பழக்கம் எனக்குக் கேடிஎம் கோமுட்டர் ரயிலில்தான் படிந்தது. செந்தூலிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை அதிக நேரம் கிடையாது, உட்கார இடமும் பல நாள் கிடைக்காது. முந்தின ராத்திரி செய்த கேள்விகளின் முடிவு வாக்கியங்களை மட்டும் ஒரு சின்ன நோட்டில் எழுதி எடுத்துப் போவேன். நின்றபடியே எது எதோடு சேரும் என்று பார்ப்பேன். முழு வாதம் கையில் இல்லாததால் வேறு எதையும் பார்க்க வழியில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று.

மீந்த இரண்டு மூன்று தெரிவுகளுக்குத்தான் காரணங்களைப் படிப்பது. "எல்லா", "இருந்தால்", "ஒழிய" என்று நிபந்தனைகள் அடுக்கடுக்காக வந்தால் அம்புக்குறி போடுகிறேன், அதுவும் மேலே உள்ள வாதத்துக்கு மட்டும். "பெரும்பாலான" என்று வந்தால் நிதானம் வேண்டும். ஊழியர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுவார்கள், பெரும்பாலோர் ரயிலில் வருவார்கள் என்றால், இரண்டும் செய்பவர் ஒருவராவது இருந்தே தீர வேண்டும். அந்த வாதம் சரி. அதையே "பலர்" என்று மாற்றிப் பாருங்கள், ஒருவர்கூட இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரு சொல் மாறியதில் வாதமே சரிந்துவிடுகிறது. தேர்வுக்காரர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

இதன் உடன்பிறப்பு பேரலல் ஃப்ளா. மேலே உள்ள வாதம் பிழையானது என்று கேள்வியே சொல்லிவிடும், அதே பிழை கீழே எதில் இருக்கிறது என்று தேட வேண்டும். எனக்கு இது சுலபமாகப் படுகிறது. பிழைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பெயரை மட்டும் நம்பினால் சறுக்கும். உதாரணத்துக்கு, பகுதிக்கு உள்ளது முழுமைக்கும் உண்டு என்று சொல்லும் பிழை. "இந்தச் சுவரின் ஒவ்வொரு செங்கல்லும் இலேசானது, ஆகவே சுவர் இலேசானது" என்பது பிழை. "ஒவ்வொரு செங்கல்லும் சிவப்பு, ஆகவே சுவர் சிவப்பு" என்பது அப்படியல்ல, பூசாத சுவர் என்றால் சரியாகவே இருக்கும். எடை கூடிக்கொண்டே போகும், நிறம் கூடாது. அச்சு ஒன்றுதான், பிழை ஒன்றில் மட்டும். பிழை கேட்கும் கேள்வியில் நல்ல வாதம் விடையாகாது, வேறு பிழை உள்ளதும் விடையாகாது.

பயிற்சிக்கான பொருள் பற்றி ஒரு வார்த்தை. எல்சாட்டை நடத்தும் எல்சாக் அமைப்பின் தளம்தான் லாஹப். அங்கே இலவசக் கணக்கில் சில முழுத் தேர்வுகள் கிடைக்கும், ஆண்டுச் சந்தா கட்டினால் பழைய தேர்வுகள் ஏராளமாகத் திறக்கும். டாலரில் கட்டணம் என்பதால் ரிங்கிட்டில் பார்க்கும்போது வயிறு எரியும். இருந்தாலும் இந்த வகைக் கேள்விக்கு நான் வேறு எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன். பிறர் எழுதிய பயிற்சிக் கேள்விகள் சிலவற்றையும் வாங்கிப் பார்த்தேன். சரியான விடை ஒழுங்காகத்தான் இருக்கிறது, தவறான நான்கும் கண்டபடி எழுதியவை. உண்மையான தாளில் ஒவ்வொரு தவறான தெரிவும் ஏதோ ஒரு காரணத்துக்காகத் தவறு. நாம் பழக வேண்டியது அந்தக் காரணத்தைத்தான்.

தேர்வில் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் ஒரு உத்தேச விடையைத் தட்டி, கொடி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஆகவே காலியாக விட ஒரு காரணமும் இல்லை. மற்றவை முடிந்து ஐந்து நிமிடம் மிஞ்சினால் திரும்பி வருவேன். தம்பி இதை ஏற்க மாட்டான், வரிசையாகச் செய்தால்தான் அவனுக்குத் தலை ஓடுமாம். சரி, அவன் படிக்கும் வேகம் அப்படி. என்னைப் போல ஆங்கிலத்தை மெதுவாகப் படிப்பவர்களுக்குத் தள்ளிவைப்பதே லாபம்.

இத்தனைக்குப் பிறகும் முடிவைப் பார்க்கும் முறை கைகொடுக்காத ஒரு வகை இருக்கிறது. நிபந்தனையும் இல்லாமல், அளவும் இல்லாமல், "இது அதைப் போன்றது, ஆகவே அங்கே நடந்தது இங்கேயும் நடக்கும்" என்று ஒப்புமையில் நிற்கும் வாதங்கள். ஐந்து முடிவுகளும் ஒரே உறுதியில் நிற்கும், சல்லடையில் ஒன்றும் விழாது. அப்போது ஆறு வாதங்களையும் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். அதற்குக் குறுக்குவழி இன்னும் கிடைக்கவில்லை.