ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிசி பாகங்கள்: விலை சரி, பேச்சை நம்பாதீர்கள்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு விலைக்காகப் போகலாம், யோசனை கேட்கப் போகாதீர்கள். தங்கையின் படிப்புக்காக நானே ஒரு பிசி மாட்டலாம் என்று பட்டியலோடுதான் போனேன். ரைசன் 5 5600ஜி பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு. கிராபிக்ஸ் கார்டுக்குக் காசில்லை, 5600ஜியில் அது உள்ளேயே இருக்கிறது. (ஜி இல்லாத வெறும் 5600இல் கிடையாது, அதை வாங்கி வந்து போர்டு எச்டிஎம்ஐயில் ஒயரைச் சொருகிவிட்டு முழிப்பவர்கள் உண்டு.)

"ஒரே 16 ஜிபியா போடுங்க சார், பின்னாடி இன்னொன்னு சேத்துக்கலாம்" என்றார் கடைக்காரர். தனி கார்டு இருந்தால் அதுவும் சரிதான். ஆனால் உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ரேமைக் கடன் வாங்கித்தான் ஓடுகிறது, இரண்டு ஸ்டிக் போட்டால் ரேமின் வேகம் கூடும், கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். முடியாது என்றேன். அங்கே ஜெயித்த மிதப்பில் போர்டில் கோட்டை விட்டேன். இதில் 5600ஜி ஓடுமா என்று கேட்டதற்கு, "ஏஎம்4 தானே சார், கண்ண மூடிட்டு ஓடும்."

ஏஎம்4 என்பது பிராசசர் உட்காரும் சாக்கெட், அது என்னவோ அதேதான். பி450 வந்தது 2018இல், 5600ஜி 2021இல். பழைய ஸ்டாக் போர்டில் இருந்த பயாஸுக்கு (பிசியைத் துவக்கும் மென்பொருள்) இந்த பிராசசரையே தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கு பட்டனை அழுத்தினால் ஃபேன் ஜம்மென்று சுற்றுகிறது, திரை கருப்பு. ரேமைக் கழற்றி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன், பிராசசருக்குக் கரண்ட் தரும் 8 பின் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன், கடுகளவு இருக்கும் பவர் ஸ்விட்ச் பின்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். ம்ஹூம்.

மறுநாள் தூக்கிக்கொண்டு போனால், பழைய பிராசசர் ஒன்றை மாட்டி புது பயாஸ் ஏற்றிக் கொடுத்தார்கள். பத்து நிமிஷம். அதற்கு 300 ரூபாய் வேறு! விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

மற்றபடி குறையில்லை. சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் கேட்காமலேயே வந்தது, கேபினெட்டோடு 'ஃப்ரீ' எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையைத் தலையில் கட்டவும் இல்லை. அடுத்த தடவையும் அங்கேதான் போவேன். ஆனால் பில் போடுவதற்கு முன்னால் போர்டு, பிராசசர், ஒரு ரேம் மூன்றையும் கவுன்ட்டரிலேயே மாட்டி டிஸ்ப்ளே காட்டச் சொல்வேன். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.