மர ஆக்டோபஸா, விழும் கரடியா?

இணையத்தில் பார்ப்பதையெல்லாம் நம்பாதே என்று பிள்ளைகளுக்குக் காட்ட, இந்த இரண்டு கற்பனை விலங்குகளில் எது நல்லது? என் ஓட்டு மர ஆக்டோபஸுக்குத்தான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தீபகற்பத்தின் மழைக்காடுகளில் மரமேறும் ஆக்டோபஸ் அழிந்துகொண்டிருக்கிறது, காப்பாற்றுங்கள் என்று 1998-ல் ஒரு இணையதளம் வந்தது. அறிவியல் பெயர், படங்கள், வாழிடம், நாம் செய்யவேண்டியவை என எல்லாம் பக்காவாக இருக்கும். கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் இதைக் காட்டியபோது பெரும்பாலோர் நம்பிவிட்டார்கள். பொய் என்று சொன்ன பிறகும் சிலர் விடவில்லை! அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிடக்கூடாது. அழியும் உயிரினத்தின் மேல் வந்த இரக்கம் அது, சந்தேகத்துக்கு இடமே கொடுக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் விழும் கரடி வேறு ரகம். கோலாவின் மூர்க்கமான உறவினமாம், மரத்திலிருந்து ஆள்மேல் குதிக்குமாம். தப்பிக்க, ரொட்டியில் தடவிச் சாப்பிடும் வெஜிமைட்டைக் காதுக்குப் பின்னால் தடவச் சொல்வார்கள். ஆஸ்திரேலிய அருங்காட்சியகமே இதற்கென ஒரு இணையப் பக்கம் வைத்திருக்கிறது. ஆனால் இது பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் சுற்றுலாப் பயணிகளிடம் நேரில் சொல்வது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிடும், குட்டு உடைந்துவிடும். பாடத்துக்கு அது போதாது.

மர ஆக்டோபஸ் இணையதளத்தில் அதை வேட்டையாடும் விலங்காக சாஸ்க்வாட்ச், அதாவது பிக்ஃபுட் என்ற கட்டுக்கதைக் குரங்குமனிதன், குறிப்பிடப்பட்டிருக்கும். பிள்ளைகளிடம் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, அந்த வரியை அவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.