போத்தல் நான்கு, தாள் ஒன்று

கார்த்திகையில் வந்த தடிமன் ஒரு கிழமையில் மாறிவிட்டது. மணம் மட்டும் திரும்பவில்லை. தூளுக்குச் சரக்கு வறுத்தபோது மிளகாய் நெடிக்குத் தும்மினேன், கொத்தமல்லி கருகியதை அறியவில்லை. நெடி, முகத்தில் எரிவையும் குளிர்ச்சியையும் உணர்த்தும் முக்கிளை நரம்பால் போவது. மணத்தின் பாதை வேறு. முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவளுக்கு இது அடுப்படியில் நடந்த பாடம்.

வைத்தியர் மணப் பயிற்சி செய்யச் சொன்னார். 4,500 ரூபாய்க்குத் தபாலில் ஒரு பெட்டி எடுப்பித்தேன். ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ்: 2009 இல் ஜெர்மனியில் தோமஸ் ஹும்மல் குழுவினர் 12 வாரம் பரிசோதித்த அதே நான்கு. காலையும் இரவும் முகரவேண்டும்.

கராம்புப் போத்தலின் மூடி இறுகவில்லை. ஒழுகிப் பெட்டி முழுவதும் பரவியதால், நான்குமே கராம்பாக மணப்பதாக வீட்டுக்காரர் சொன்னார். யூக்கலிப்டஸின் குளிர்ச்சியை மணம் என்று நினைத்து இரண்டு நாள் வீணாகச் சந்தோசப்பட்டேன். அதுவும் முக்கிளை நரம்பின் வேலைதான். இந்த எச்சரிக்கையைப் பெட்டியில் அச்சடித்திருக்கலாம்.

காசுக்குப் பெறுமதி உள்ளே மடித்திருந்த தாள்தான். மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை மணவாங்கிகள், அதாவது மூக்கில் மணத்தைப் பிடிக்கும் புரதங்கள். ஒரு நரம்புக் கலத்தில் பொதுவாக ஒரு வகையே இருக்கும். அவற்றின் நார்கள் அரிதட்டுப் போலத் துளையுள்ள நெய்யரி எலும்பினூடாக மூளையின் நுகர்ச்சிக் குமிழுக்கு ஏறும். மூக்கில் சிதறிக் கிடக்கும் ஒரே வகைக் கலங்களின் நார்கள் அங்கே குறித்த சில முடிச்சுகளில் வந்து கூடும். 1991 இல் மணவாங்கி மரபணுக்களைக் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் இருவருக்கும் 2004 இல் நோபல் பரிசு கிடைத்ததையும் எழுதியிருக்கிறார்கள். தாளிலுள்ள படமும் வடிவானது.

ஆனால் பிழையும் அந்தப் படத்தில்தான். மூளையின் மேற்படையான புறணியிலும் ரோசாவுக்கு ஓர் அறை, கராம்புக்கு ஓர் அறை என்று நிறம் தீட்டியிருக்கிறார்கள். குமிழில் உள்ள ஒழுங்கு அங்கே இல்லை. ஒரு மணத்துக்கு விழிக்கும் கலங்கள் புறணியில் அங்குமிங்குமாகச் சிதறியிருக்கும். என் மாணவி இப்படி வரைந்திருந்தால் அரைப் புள்ளி வெட்டியிருப்பேன்.

மூன்றாம் கிழமையோடு போத்தல்களை மூடிவைத்துவிட்டேன். இடித்த கராம்பு, தேசிக்காய்த் தோல், முற்றத்து ரோசா ஆகியவற்றோடு, நான்காவதாக என் கறித்தூள். ஒன்பதாம் கிழமை, மில்லில் அரைப்பித்த தூள் சரையைப் பிரித்தபோது பெருஞ்சீரகம் மெல்லத் தட்டியது. வெந்தயம் இன்னும் வரவில்லை.