மார்க்கியா, மான்சினா: பசுமைக் கணக்கில் இரண்டு செனட்டர்கள்

2010இல் அமெரிக்க செனட் தேர்தலில் மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின் ஒரு விளம்பரம் வெளியிட்டார். கையில் வேட்டைத் துப்பாக்கி. தூரத்தில் குறிக்காக வைத்த ஒரு மசோதா. ஒரே சூடு, தாளில் ஓட்டை. கரிம உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, உமிழும் உரிமங்களை நிறுவனங்கள் விற்க வாங்க விடும் 'கேப் அண்ட் டிரேட்' மசோதா அது. அதை 2009 ஜூனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 219–212 என்று கரையேற்றிய இருவரில் ஒருவர் மாசசூசெட்ஸின் எட் மார்க்கி. இன்னொருவர் ஹென்றி வாக்ஸ்மன். மார்க்கி, மான்சின் இருவருமே அப்போது ஜனநாயகக் கட்சிக்காரர்கள் என்பதுதான் வேடிக்கை.

செனட்டர்களின் சுற்றுச்சூழல் வாக்குகளுக்கு மதிப்பெண் போடும் அமைப்பு ஒன்று அங்கே உண்டு, லீக் ஆஃப் கன்சர்வேஷன் வோட்டர்ஸ். அதில் மார்க்கிக்கு 90%க்கு மேல். மான்சினுக்கு ஏறத்தாழ அதில் பாதி. பலரும் இதைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த அட்டை எண்ணுவது வாக்குகளை. எது சட்டமானது, ஆனது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. தொகுதியையும் அது பார்க்காது. மாசசூசெட்ஸில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. அங்கே பசுமைக்கு வாக்களித்தால் யாருக்கும் வேலை போகாது. மேற்கு வர்ஜீனியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ 90% நிலக்கரியிலிருந்து வந்தது.

மார்க்கி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2019இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸுடன் சேர்ந்து காலநிலைக்காகக் கொண்டுவந்த 'கிரீன் நியூ டீல்'. அது வெறும் தீர்மானம். நிறைவேறியிருந்தாலும் ஒரு காற்றாலைகூட நட்டிருக்காது. செனட்டில் அப்போது பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியின் தலைவர் மெக்கனல் வேண்டுமென்றே அதை வாக்கெடுப்புக்கு விட்டார். ஆதரவு 0, எதிர்ப்பு 57. மார்க்கி உட்பட 43 பேர் 'வந்திருக்கிறேன்' என்று மட்டும் பதிவு செய்தார்கள். எதிர்த்த 57 பேரில் மான்சினும் ஒருவர்.

என் கணக்கில் மார்க்கியின் பெரிய வேலை அதற்கு 32 ஆண்டு முன்னால் நடந்தது. ஃபிரிட்ஜ், ஏசி, வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின் எல்லாம் இவ்வளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கக் கூடாது என்று நாடு முழுக்க ஒரே அளவுகோல் வைத்த 1987 சட்டம். பிரதிநிதிகள் சபையில் அதற்கு முன்னின்றவர் அவர். அதிபர் ரேகன் முந்தைய ஆண்டு இதே மசோதாவைக் கையெழுத்திடாமல் சாகவிட்டவர். மறுமுறை வந்தபோது கையெழுத்துப் போட்டார். காரணம் சுவையானது. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் ஆளுக்கொரு விதி போட ஆரம்பித்ததால், ஐம்பது விதிகளுக்கு ஒரே விதி தேவலை என்று தயாரிப்பாளர்களே வந்து நின்றார்கள். இன்று அமெரிக்கக் கடையில் விற்கும் ஃபிரிட்ஜ், 1970களில் விற்றதை விடப் பெரியது. இழுக்கும் மின்சாரமோ அதில் கிட்டத்தட்ட கால் பங்கு. இதற்காக யாரும் ஊர்வலம் போகவில்லை. 2007இல் கார்களுக்கு 2020க்குள் சராசரியாக லிட்டருக்குச் சுமார் 15 கிலோமீட்டர் என்று விதித்த சட்டத்திலும் அவர் கை உண்டு.

சரி, மான்சின் பக்கம். 2021இல் செனட் 50–50. ஆக, ஒற்றை வாக்கு வைத்திருந்தவர் ராஜா. மின் நிறுவனங்கள் ஆண்டுதோறும் தூய மின்சாரத்தைக் கூட்டினால் பரிசு, கூட்டாவிட்டால் அபராதம் என்ற 15,000 கோடி டாலர் திட்டத்தை, அதிபர் பைடனின் பெரிய செலவு மசோதாவிலிருந்து முதலில் வெட்டியவர் மான்சின்தான். டிசம்பரில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து மொத்த மசோதாவுக்கும் 'முடியாது' என்றார். அவர் தொடங்கிய குடும்ப நிறுவனம் எனர்சிஸ்டம்ஸ், மின் நிலையத்துக்குக் கழிவு நிலக்கரி விற்கிறது. 2020இல் மட்டும் அதிலிருந்து அவருக்கு வந்தது சுமார் 4.9 லட்சம் டாலர். எரிசக்திக் குழுவின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் இவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அப்புறம் 2022 ஜூலையில் திடீரென்று செனட்டில் தன் கட்சித் தலைவரான ஷூமருடன் கை குலுக்கினார். சுருக்கிய மசோதா துணை அதிபர் ஹாரிஸின் வாக்கோடு 51–50 என்று சட்டமாகக் கரையேறியது. எரிசக்திக்கும் காலநிலைக்கும் ஏறத்தாழ 36,900 கோடி டாலர், அமெரிக்க வரலாற்றில் அதுவரை இல்லாத தொகை. மார்க்கி நாற்பது ஆண்டாகக் கேட்டது மான்சின் தலையசைத்த பிறகுதான் வந்தது. இதை மறைத்து எழுதுவது நேர்மையில்லை. ஆனால் விலை இருந்தது. கடலில் காற்றாலைக்கு இடம் குத்தகைக்கு விட வேண்டுமானால், முந்தைய ஓராண்டில் 6 கோடி ஏக்கர் கடலை எண்ணெய், எரிவாயுவுக்கு ஏலத்தில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு. அடுத்த ஆண்டு, கடன் உச்சவரம்புச் சட்டத்துக்குள் மான்சின் வலியுறுத்திய மவுண்டன் வேலி எரிவாயுக் குழாய்க்கான அனுமதியும் நுழைந்தது. சுமார் 490 கிலோமீட்டர் நீளம். நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கிடந்தது. 2024 ஜூனில் எரிவாயு ஓடத் தொடங்கியது.

காடு, நிலம் என்று வந்தால் மான்சினுக்குத் தாராளமாகவே மதிப்பெண் தரலாம். பொது நிலங்களுக்கு ஆண்டுக்கு 90 கோடி டாலரை நிரந்தரமாக்கிய 2020 சட்டத்தை செனட்டில் முன்மொழிந்த இருவரில் அவர் ஒருவர்.

2025 ஜூலையில் குடியரசுக் கட்சி கொண்டுவந்த சட்டம் 2022 சட்டத்தின் பெரும்பகுதியைக் கத்தரித்தது. மின்கார் வாங்குவோருக்கான வரிச்சலுகை செப்டம்பரோடு போனது. சூரிய, காற்று மின்சாரத்துக்கான சலுகைக்குக் கடைசித் தேதி விழுந்தது. அணு மின்சாரத்துக்கும் கார்பனைப் பிடித்துப் புதைப்பதற்கும் கிடைத்த சலுகைகள் பிழைத்தன. மான்சினுக்குப் பிடித்தவையும் அவைதான். ஆகவே, எது நிலைத்தது என்று பார்த்து இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மார்க்கியைத்தான் எடுப்பேன், அதுவும் ஃபிரிட்ஜுக்காக. ஒரு வாக்கை வைத்துக்கொண்டு அதிகபட்சம் என்ன கறக்கலாம் என்று படிக்க வேண்டியவர்கள் மான்சினைப் படிக்கட்டும்.